வருவார் என்று சேர்த்துச் சொன்னேன்

இறால் கம்பெனியில் தலை கிள்ளும் வேலை எனக்கு. நாள் முழுக்க ஐஸ் தண்ணீரில் கை. நகக்கண் வெடித்துக் கிடக்கும். சோற்றில் கை வைத்தால் எரியும்.

மாடியில் பேக்கிங் சூப்பர்வைசர் வேலை காலியானது. ஈரம் இல்லாத இடம். வெளிநாட்டுக்காரர்கள் பார்க்க வருவார்கள், கொஞ்சம் இங்கிலீஷ் வேண்டும் என்றார்கள். அதற்குச் சாயங்கால வகுப்பும் வைத்தார்கள். எட்டாவதோடு நின்றவள் நான். சேர்ந்தேன்.

வாத்தியார் வெளியூர். வினைச்சொல்தான் வாக்கியத்துக்கு உயிர், அது இல்லாமல் இங்கிலீஷில் ஒரு வாக்கியமும் நிற்காது என்றார். கம், கேம். கோ, வென்ட். குழம்பு கொதிக்கும்போதும் சொல்லிப் பார்த்தேன். வந்துவிட்டது.

கடைசி நாள் பரீட்சை. எல்லோர் முன்னாலும் எழுந்து பேச வேண்டும்.

"உங்க வீட்டுக்காரர் எங்கே? வென்ட் வச்சுச் சொல்லுங்க" என்றார்.

என் வீட்டுக்காரர் அன்று விசைப்படகில் கடலில் இருந்தார். கடலில் இருக்கிற ஆளைப் போனார் என்று சொல்லி வாயை மூடுவது எங்கள் குப்பத்தில் கிடையாது. வருவார் என்று சேர்த்தே சொல்வோம். போலீஸ் வந்து கேட்டாலும் அப்படித்தான்.

"மை ஹஸ்பண்ட் வென்ட் டு சீ. ஹி வில் கம்" என்றேன்.

"கேட்டது ஒரு வாக்கியம். வென்ட்டோட நிறுத்துங்க."

"ஆளு தண்ணிமேல கீறாரு சார். நிறுத்த மாட்டேன். பஸ்ஸு போச்சான்னு கேளுங்க, சொல்றேன்."

"கேட்டதுக்குத்தான் பதில். இது பரீட்சைம்மா, ஜோசியம் இல்ல. வருவார்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

சிரித்துக்கொண்டேதான் கேட்டார். நாலைந்து பேர் கூடச் சிரித்தார்கள். அவர்கள் வீட்டு ஆண்கள் லாரி ஓட்டுகிறவர்கள். என் குப்பத்துக்காரி ஒருத்தி எழுந்துவிட்டாள்.

"இன்னா சார் பேச்சு இது? போய் வாயக் கழுவு."

"குந்துடி" என்றேன். வாத்தியார் திரும்பவும் அந்த வென்ட் வாக்கியத்தைக் கேட்டார். நின்றேன். சொல்லவில்லை.

வேலை வேறொருத்திக்குப் போனது. அவள்மேல் எனக்கு ஒன்றும் இல்லை. என்னை ஏன் எடுக்கவில்லை என்று ஆபீசில் கேட்டேன். பேசத் தயங்குகிறேனாம். வாத்தியார் எழுதிக் கொடுத்திருக்கிறார். தயங்கினேனா நான்?

படகு வந்தது. வீட்டுக்காரர் சீலா மீன் கொண்டுவந்தார். வேலை என்ன ஆச்சு என்று கேட்டார். கிடைக்கவில்லை என்றேன். மற்றதைச் சொல்லவில்லை. சொன்னால் அந்த ஆளைத் தேடிப் போவார்.

புது ஆட்களுக்கு இப்போதும் வகுப்பு நடக்கிறது. கம்பெனி கேட்டில் பார்த்தால் வாத்தியார் வணக்கம் வைப்பார். நான் வைப்பதில்லை.