காலியாக வந்த டப்பா

போன வாரம் வைட்ஃபீல்ட் சிக்னலில் எங்கள் ஆபீஸ் பஸ் வழக்கம்போல் மலைப்பாம்பாகப் படுத்திருந்தபோது, பக்கத்து சீட் திவ்யா போனை என் மூக்கருகே நீட்டினாள். குடும்பத்தோடு ஜெர்மனி போகிறாள், இரண்டு வருடப் புராஜெக்ட். அங்கிருக்கும் இந்தியக் குடும்பங்களின் வாட்ஸ்அப் குரூப்பில் அதற்குள் சேர்ந்தும் விட்டாள். யாரோ இட்லி மாவுப் பானையைப் படம் பிடித்துப் போட்டிருந்தார்கள்.

"பாருடி, போறதுக்கு முன்னாடியே ஃபேமிலி கெடச்சாச்சு."

போனிலிருந்து வாசனை வராது என்று எனக்கும் தெரியும், படித்தவள்தான். ஆனாலும் வந்தது. புளித்த மாவு வாசனை.

எனக்குப் பத்து வயதில் நாங்களும் ஜெர்மனியில்தான் இருந்தோம். அப்பாவின் கம்பெனி கொடுத்த அபார்ட்மென்ட். எங்கள் மாடியில் நான்கு வீடுகள், நான்கிலும் பெங்களூரிலிருந்து புராஜெக்டுக்கு வந்த குடும்பங்கள். அந்தக் குளிரில் மாவு புளிக்காது. ஒரு வீட்டில் பானைக்குக் கம்பளி போர்த்திப் பார்த்தார்கள். இன்னொரு வீட்டில் ஓவனுக்குள் வைத்து மாவை வேகவைத்தே விட்டார்கள். அம்மாதான் சுவர் ஹீட்டரின் மேல் துண்டை மடித்துப் போட்டு, அதில் பானையை உட்கார வைத்தாள். காலையில் மாவு மூடியைத் தள்ளிக்கொண்டு நின்றது. அன்றிலிருந்து மாடி முழுக்க எங்கள் வீட்டு மாவுதான்.

முதலில் வந்து நிற்பவள் எதிர்வீட்டு சுபா ஆன்ட்டி. மல்லேஸ்வரத்துப் பெண், கறி சேர்க்காத வீடு. தமிழும் கன்னடமும் ஒரே வாயில் வரும்.

"கமலா, மாவு இருக்கா? சும்னே தீந்துடுச்சுன்னு சொல்லாத, பானையக் காட்டு."

அம்மாவின் நீல மூடி டப்பாவில் மாவு போகும். திரும்பி வரும்போது அதில் சாருப்பொடி என்கிற ரசப்பொடியோ, புளியோதரை கிளறும் புளியோகரைக் கொஜ்ஜோ இருக்கும். ஒருமுறை அவள் வீட்டில் ஒன்றுமே இல்லாமல் ஒரு ஸ்பூன் சர்க்கரை இருந்தது. "காலி டப்பா குடுக்கக் கூடாது, எங்கம்மா கொன்னுடுவா" என்றாள் ஆன்ட்டி. ஜெர்மன் கற்றுக்கொண்டாயா என்று என்னை இப்போதும் கேட்கிறார்கள். நான் அங்கே கற்றது மல்லேஸ்வரத்துக் கன்னடம். அம்மா கற்றது வாய்விட்டுச் சிரிக்க. அதற்கு முன் அவளுக்குச் சிநேகிதி என்று ஒருத்தி இருந்ததாக எனக்கு நினைவில்லை.

முதல் நாளே ஆன்ட்டி கேட்டிருந்தாள், "பெங்களூர்ல எங்க?"

"அல்சூர் பக்கம்," என்றாள் அம்மா.

பொய்யில்லை. மர்பி டவுன் அல்சூர் பக்கம்தான். நீங்கள் வெளியூர் என்றால் சொல்கிறேன்: எங்கள் தெருமுனையில் நீலக் கொடி பறக்கும், நாலு வீடு தள்ளிப் புத்தர் கோயில். இந்த ஊரில் சாதியை யாரும் கேட்பதில்லை, நாகரிகமானவர்கள். ஏரியாவைக் கேட்பார்கள். மீதியை அவர்களே போட்டுக்கொள்வார்கள்.

இரண்டு குடும்பங்களும் ஒரே கோடையில் திரும்பினோம். ஆன்ட்டி வைட்ஃபீல்டில் புது ஃபிளாட் வாங்கியிருந்தாள். அம்மா நீல மூடி டப்பாவில் மாவு எடுத்துக்கொள்ள, இருவரும் பஸ் மாறிப் போனோம். பெங்களூர் வெயிலுக்கு ஹீட்டர் எதற்கு? வழியிலேயே மாவு பொங்கி அம்மாவின் புடவையெல்லாம் வழிந்தது. ஆன்ட்டி அந்தப் புடவையோடேயே அம்மாவைக் கட்டிக்கொண்டாள். கிளம்பும்போது லிஃப்ட் வரை வந்தாள்.

"ஞாயித்துக்கெழம நாங்க வர்றோம். டப்பா அப்ப கொண்டாறேன். அல்சூர்ல எங்க, கரெக்டா சொல்லு."

அம்மா சந்தோஷத்தில் இருந்தாள். "மர்பி டவுன். கொடிக்கம்பத்துக்கு எதிர் வீடு."

"மர்பி டவுனா?"

"ஆமா."

"அல்சூர்னு சொன்னியே."

"அல்சூர் பக்கம்தான் சுபா."

ஆன்ட்டி லிஃப்ட் பட்டனை இன்னொரு தடவை அழுத்தினாள்.

ஞாயிற்றுக்கிழமைக்காக அம்மா, கறி படாத புது வாணலி ஒன்று வாங்கினாள். அதை வாங்கும்போதே அவளுக்கு உள்ளுக்குள் தெரிந்திருக்கும் என்று இப்போது தோன்றுகிறது. மதியம் வரை பூரி மாவை ஈரத்துணி போட்டு மூடி வைத்திருந்தாள். யாரும் வரவில்லை. அம்மா போன் செய்தாள், ஆன்ட்டி எடுக்கவில்லை.

சில நாள் கழித்து ஆன்ட்டி வீட்டு டிரைவர் வந்து டப்பாவைக் கொடுத்துவிட்டுப் போனார். அம்மா நீல மூடியைத் திறந்தாள். உள்ளே சோப்பு வாசனை மட்டும்.

"நல்லாத் தேச்சிருக்கா," என்றாள்.

அந்தப் பெயரை அதன்பின் அவள் சொன்னதில்லை. டப்பாவில் இப்போது துணி காயவைக்கும் கிளிப்புகள் கிடக்கின்றன. எங்கள் வீட்டில் மாவு பொங்குவதில்லை, பாக்கெட் மாவுதான். அல்சூர் பக்கம் என்று இழுக்கிற அம்மாவும் எங்கோ போய்விட்டாள். பெங்களூரில் எங்கே என்று யாராவது கேட்டால், "மர்பி டவுன், கொடிக்கம்பத்துக்கு எதிர்ல," என்று முதல் மூச்சிலேயே சொல்லிவிடுகிறாள். சொல்லிவிட்டு, கேட்டவர் முகத்தைக் கண் கொட்டாமல் பார்க்கிறாள்.