சட்டம் வந்தது, வேலை வீட்டுக்குப் போனது

எழுபதுகளின் நடுவில், டோர்ட்மண்டுக்குப் பக்கத்தில் மின்சாரப் பிளக் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் செக்கிங் பகுதியில் இருந்தேன். யாழ்ப்பாணத்திலிருந்து தொழில் பழக வந்து அங்கேயே தங்கிவிட்டவன் நான். அங்கே எல்லோரும் பேசியது ஜேர்மன்; அதை எனக்கு வாய்த்த தமிழில் எழுதுகிறேன்.

1. கேக் வெட்டிய வெள்ளிக்கிழமை

பதினைந்து வயது நிறையாதவர்களை வேலைக்கு வைக்கக் கூடாது என்று புதுச் சட்டம் வந்தது. அந்த வெள்ளிக்கிழமை ஹில்டா பிளம்ஸ் கேக் சுட்டுக்கொண்டு வந்தார். சந்தோஷம் யாருடையதோ அவர்தான் கேக் கொண்டுவர வேண்டும். அது அங்கத்தைய வழக்கம். ஹில்டா எங்கள் தொழிலாளர் பிரதிநிதி. சின்ன வயதில் செங்கல் சூளையில் வேலை செய்தவர். இந்தச் சட்டத்துக்காகக் கூட்டத்துக்குக் கூட்டம் போய்ப் பேசி, முதலாளியிடம் ஏச்சும் வாங்கியவர்.

எங்கள் தொழிற்சாலையிலிருந்து ஒரு பிள்ளைதான் வெளியேற வேண்டியிருந்தது. துருக்கிக்காரி ஃபத்மாவின் மகள் அய்லின். வயது பதினான்கு. தாயின் பக்கத்தில் நின்று பிளக்குக்குத் திருகாணி பூட்டுவாள். தையல் தொழில் பழக அவளுக்குக் கொள்ளை ஆசை. அந்தப் பயிற்சியில் சேரப் பள்ளிச் சான்றிதழ் வேண்டும். ஹில்டாவே பள்ளியில் இடம் எடுத்துக் கொடுத்தார்.

"இனிப் பள்ளிக்கூடம்தான், விளங்குதோ? இந்தப் பக்கம் உன்னைக் கண்டால் கலைச்சுத் துரத்துவன்!"

அய்லின் வாய் நிறையக் கேக்கோடு சிரித்தாள். ஃபத்மா சிரிக்கவில்லை. ஏனென்று எங்களில் ஒருவரும் கேட்கவில்லை.

2. ஃபத்மாவின் பைகள்

கொஞ்ச நாளில் முதலாளி பிளக் பாகங்களைப் பைகளில் போட்டு, விரும்பியவர்கள் வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பூட்டித் தரலாம் என்றார். முதலில் வாங்கியது ஃபத்மா. அவள் கணவன் சுரங்கத்தில் முதுகு அடிபட்டு வீட்டோடு இருந்தான். பெண்களின் வேலை இலகுவானது என்று சொல்லி, அந்த நாளில் அவர்களுக்குக் குறைந்த கூலிதான் கொடுத்தார்கள்.

பூட்டிய பைகள் என் மேசைக்குத்தான் வரும்; ஃபத்மாவின் பைகள்தான் எல்லோரையும் விட அதிகம். பகல் முழுக்கத் தொழிற்சாலையில் நிற்கிறவளால் தனியாக அவ்வளவும் பூட்ட ஏலாது. ஹில்டாவிடம் சொன்னேன். அவர் பள்ளிக்கு டெலிபோன் எடுத்தார். அய்லின் அங்கே வருவதை நிறுத்தியிருந்தாள்.

இரண்டு பேரும் அவர்கள் வீட்டுக்குப் போனோம். குசினியில், சாப்பாட்டு மேசை நிறையப் பாகங்கள் குவிந்து கிடந்தன. அய்லினும், அவளிலும் சின்னவர்களான இரண்டு தம்பிமாரும் திருகாணி பூட்டிக்கொண்டிருந்தார்கள். தொழிற்சாலையில் ஒரு பிள்ளை, இங்கே மூன்று.

"ஏன் ஃபத்மா?" என்றார் ஹில்டா.

"இவளின்ர சம்பளத்தை நிப்பாட்டினீங்கள். எனக்குக் கூட்டித் தந்தீங்களோ?"

அய்லின் எங்களை நிமிர்ந்தும் பார்க்கவில்லை.

அடுத்த நாள் ஹில்டா முதலாளியிடம் போய் நின்றார். "அந்த மனிசிக்குச் சம்பளத்தைக் கூட்டுங்கோ. பிள்ளை பள்ளிக்குப் போகட்டும்."

"சட்டம் சொன்னதைச் செய்தாச்சு. ஆக்களின்ர வீட்டுக் குசினிக்குள்ள நான் எட்டிப் பாக்க ஏலாது."

வேறு வழியில்லாமல் ஹில்டா தொழிற்சாலைகளைப் பார்வையிடும் அரசாங்கப் பரிசோதகருக்கு அறிவித்தார். பை கொடுப்பது நின்றது. அந்த மாத முடிவில் ஃபத்மா குடும்பம் ஊரைவிட்டுப் போயிற்று. எங்கே என்று எங்களிடம் சொல்லவில்லை. எங்களை நம்பி எப்படிச் சொல்வாள்?

வேலையிலிருந்து இளைப்பாறும் வரை, புதிதாக வேலைக்கு வந்த துருக்கிக்காரர் எல்லோரிடமும் அந்தக் குடும்பத்தைப் பற்றி ஹில்டா விசாரித்துப் பார்த்தார். அய்லின் தையல் பழகினாளா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

இன்று தொழிற்சங்க வேலைக்கு வரும் இளையவர்களுக்கு நான் சொல்வது இதுதான். அந்தச் சட்டம் நல்ல சட்டம். ஆனால் பிள்ளையை மெஷினை விட்டு எடுக்கிற அன்றைக்கே தாயின் கூலிக்கும் சண்டை பிடிக்க வேண்டும். நாங்கள் பாதிச் சண்டையில் வென்றுவிட்டு வீட்டுக்குப் போய்விட்டோம். மற்றப் பாதியை மூன்று பிள்ளைகள் தலையில் போட்டுவிட்டோம்.