செபஸ்தியான் அங்கிளுக்கு ஒரு மெதுவான கிற்றார்

கிற்றார் விக்கிறது சட்டை விக்கிற மாதிரி இல்லை. சட்டைக்கு அளவு நாடா இருக்கு, "இதமான சத்தம் வேணும்" எண்டு வாற ஆளை எந்த நாடாவால அளக்கிறது? வெள்ளவத்தையில ஒரு வாத்தியக் கடையில பதினொரு வருசமா நிக்கிறன். கவுண்டருக்குப் பின்னால நிண்டு நிண்டு கால் வீங்கின ஆக்களுக்கு நான் சொல்லப்போறது விளங்கும்.

முதல் சனிக்கிழமை

செபஸ்தியான் அங்கிள் கொட்டாஞ்சேனையில இருந்து ரெண்டு பஸ் மாறி வந்தவர். துறைமுகத்தில வேலை செய்து பென்ஷன் எடுத்த மனுசன். மாதா கோயில் ஞாயிறு பூசைக்குக் கொயரில, பாட்டுக் குழுவில, அவர்தான் கிற்றார். பக்கத்தில நிண்டு பாடுறது அவற்ற மனுசி மேரி அன்ரி. அங்கிளுக்குக் காது மந்தமாகி இப்ப ரெண்டு காதிலயும் கேக்கிற மெசின். மெசினோட பழைய கிற்றாரைத் தொட்டா, கரண்டியால பீங்கானைத் தட்டுற மாதிரிக் கேக்குதாம். அந்தக் கிணுகிணுப்பில அன்ரியின்ர குரல் அமுங்கிப் போகுதாம். மெசினைக் கழட்டினா ரெண்டுமே கேக்காது. மெசின் குடுத்த இடத்திலயும் ரெண்டு தரம் திருத்திப் பார்த்தாச்சு.

நைலோன் கம்பிக் கிற்றாரைத்தான் முதல்ல குடுத்தன். கழுத்து அகலம், அவற்ற விரல் எட்டேல்லை. பிறகு புதுசா வந்த எட்டுக் கிற்றார் இறக்கினன். எட்டுக்கும் தலையை ஆட்டினார். வில்லங்கம் பிடிச்ச மனுசன் எண்டு மனசுக்குள்ள திட்டிக்கொண்டு, "அங்கிள், இதெல்லாம் நல்ல சாமான்" எண்டன். அவர் கோவிக்கேல்லை.

"நல்ல சாமான் வேணாம் தம்பி. நான் வாசிக்கிறப்போ மேரி பாடுறது எனக்குக் கேக்கணும். இல்லாட்டி கொயரை விட்டுட்டுப் பின் பெஞ்சில போய் இருந்துருவேன்."

இன்னொரு மென்மைக்காரர்

அந்தக் கிழமையே ஒரு பாங்க் உத்தியோகத்தர் வந்தார், மகளுக்குக் கிற்றார் வாங்க. அவரும் "சொஃப்ட்டான சவுண்ட்" எண்டார். செபஸ்தியான் அங்கிளின்ர கவலையில இருந்த எனக்கு, ஆகா, இவருக்காவது சரியாக் குடுப்பம் எண்டு உற்சாகம். எந்த மரம், என்ன கம்பி, நகத்தால தட்டுறதோ விரல் சதையால தட்டுறதோ எண்டு அரை மணித்தியாலம் வகுப்பெடுத்தன். மனுசன் நல்ல மரியாதையாக் கேட்டுக்கொண்டு நிண்டார். பிறகு மெல்லக் கிட்ட வந்தார்.

"தம்பி, எங்கட ஃபிளாட்டில மேல்வீட்டு ஆக்கள் பொல்லாதவை. சத்தமே வராத கிற்றார் ஒண்டு இருக்கோ?"

கடை வழக்கம்

எங்கட கடையில ஒரு வழக்கம். மதிப்பான வாடிக்கையாளர் வாறார் எண்டா, புதுக் கம்பி போட்டுத்தான் கிற்றாரைக் கையில குடுப்பம். வெள்ளவத்தைக் கடல்காத்துக்கு ரெண்டு மாசத்தில கம்பி கறுத்துப்போம். செபஸ்தியான் அங்கிளில எனக்கு இரக்கம் வந்திட்டுது. ரெண்டாம் சனிக்கிழமைக்கு கடையிலயே திறமான மூண்டு கிற்றாருக்குப் புதுக் கம்பி போட்டு, துடைச்சு, மினுங்க வச்சிருந்தன். சரிவரேல்லை. மூண்டாம் சனிக்கிழமைக்கு வேற மூண்டு. அண்டைக்கு மேரி அன்ரியும் கூட வந்தவ. அங்கிள் ஒவ்வொண்டா வாசிச்சு, ஒவ்வொண்டா திருப்பி வச்சார். முகம் சுருங்கிப் போச்சு. எனக்கு வெக்கமாவும் கவலையாவும் இருந்தது. அவர் தண்ணி குடிக்க அங்கால போன நேரம் அன்ரி என்னட்டக் கேட்டா.

"நான் பாடுறதை விட்டுட்டா, குரல் கேக்கலன்னு அவருக்குக் கவலை இருக்காது, தொடர்ந்து வாசிப்பார்தானே மகன்?"

வியாழக்கிழமை

பம்பலப்பிட்டிக்கு டொக்டரிட்ட வந்த அங்கிள், சொல்லாமல் கொள்ளாமல் கடைக்குள்ள வந்தார். "இனி தேட வேணாம், விட்டுருவோம்" எண்டு சொல்ல வந்தவராம். நான் வேற ஆளோட நிண்டன். அவர் சும்மா நிக்க ஏலாமல், பின் மூலையில ஒரு வருசமா ஆரும் திரும்பிப் பார்க்காத கிற்றார் ஒண்டை எடுத்துத் தட்டினார். நிப்பாட்டினார். திரும்பத் தட்டினார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு ஒரு பாட்டு முழுக்க வாசிச்சார்.

"ஐயோ அங்கிள், அது செத்த கம்பி, மாத்தித் தாறன்" எண்டு கம்பி வெட்டுற கட்டரோட ஓடினன். மனுசன் கிற்றாரைக் கட்டிப்பிடிச்சுக்கொண்டு விடமாட்டன் எண்டு நிண்டார். அப்பதான் என்ர மரமண்டைக்கு ஏறிச்சுது. புதுக் கம்பியின்ர கூர்ச் சத்தத்தைத்தான் மெசின் பெருப்பிக்குது. கறுத்துப்போன பழங்கம்பியில அந்தக் கூர் இல்லை. ரெண்டு கிழமையா அந்தச் சனியனை நானே என்ர கையால, அன்பா, முறுக்கி முறுக்கிப் பூட்டியிருக்கிறன்! முதலாளிக்கு இது பிடிக்கேல்லை. கறள் பிடிச்ச கம்பியோட சாமான் வெளியில போனா கடை மானம் என்னாகும் எண்டு அவருக்குக் கோவம். அங்கிள்தான் மறுமொழி சொன்னார்.

"மானத்தை நாளைக்குப் பார்ப்போம் முதலாளி. இந்தக் கம்பியில கை வச்சா எனக்குச் சாமான் வேணாம்."

திங்கட்கிழமை

ஞாயிறு முழுக்க எனக்கு இருப்புக் கொள்ளேல்லை. கோயிலுக்குள்ள எப்பிடிக் கேட்டுதோ, பழங்கம்பி பாட்டு நடுவில அறுந்துதோ எண்டு ஒரே யோசினை. திங்கள் காலமை கடை திறக்க முன்னமே ஃபோன் வந்தது. "கேட்டுச்சு தம்பி, முழுசாக் கேட்டுச்சு" எண்டார். குரல் தளம்பிச்சுது. எனக்கும் கண் கலங்கிப்போச்சு, பொய் சொல்லேல்லை. பிறகு, அன்ரி பக்கத்து அறையில போல, ரகசியமாச் சொன்னார்.

"மேரி ஒவ்வொரு பாட்டிலயும் கடைசி வரியில சுருதி விடுறா தம்பி. அவகிட்ட சொல்லிராதீங்க, அப்படியே பாடட்டும்."

இத்தனை வருசத்தில நான் மனசு நிறைஞ்சு வித்த ஒரே கிற்றார், தூசிகூடத் தட்டாமல் வித்த அந்த ஒண்டுதான்.