மூணு வாரத்துக்கு ஒரு பொய்

எங்கள் குடும்பத்தில் பொய் சொல்ல ஒரு ஆள் தேவைப்பட்டபோது போட்டியில்லாமல் தேர்வானவன் நான். நான் வைத்திருந்த செல்போன் கடை சுமாராக ஓடியது. வாய் மட்டும் நிற்காமல் ஓடியது.

வேலை இதுதான். எரியோட்டில் கட்டிக்கொடுத்திருந்த என் தங்கச்சியை மூன்று வாரத்துக்கு ஒருக்கா ஏதாவது காரணம் சொல்லித் திண்டுக்கல்லுக்கு அழைத்து வர வேண்டும். ஆஸ்பத்திரியில் இடுப்பில் ஒரு பென்சிலின் ஊசி. சாயங்காலம் திரும்பக் கொண்டுபோய் விட்டுவிட வேண்டும்.

சின்ன வயசில் அவளுக்குத் தொண்டை வலி வந்து, பிறகு காய்ச்சல் வந்தது. முழங்கால் வீங்கியது. அது வற்றியதும் முழங்கை வீங்கியது. எல்லாம் வற்றி அவள் பாண்டி ஆடத் தொடங்கிய பிறகுதான் டாக்டர் எங்களை உட்கார வைத்துச் சொன்னார்: "மூட்டுக்கு வந்த வீக்கம் போயிருச்சு. அதே அழற்சி இதய வால்வுலயும் இருக்கு. தொண்டைக் கிருமியை அடிக்கப் போன உடம்பு, ஆள் தெரியாம தன் வால்வையே அடிச்சிருச்சு. கிருமி மறுபடி வந்தா மறுபடி அடிக்கும். தழும்பு மேல தழும்பு விழுந்தா வால்வு தடிச்சு ஒட்டிக்கும். ஊசியை மட்டும் விட்றாதீக."

பொண்ணு பார்க்க வந்தவர்களிடம் இதைச் சொல்லவில்லை. இதயத்தில் கோளாறு என்று ஒரு வார்த்தை வெளியே போனால் எவன் வருவான்? அம்மா இப்படிக் கேட்டாள், நாங்கள் எல்லோரும் தலையாட்டினோம்.

முதல் வருஷம் நான் அசத்தினேன். காதுகுத்து, அம்மாவுக்குக் கால் வலி, துஷ்டி என்று மாற்றி மாற்றி அடித்துவிட்டேன். அவள் மாமியார் லேசுப்பட்டவர் இல்லை.

"ஏப்பு, ஒங்க அம்மாவுக்குக் காலண்டர் பாத்துத்தான் கால் வலிக்குமா?"

"ஆமாத்தை, அமாவாசை வந்தா அது கரெக்டா ஆரம்பிச்சிரும்."

பைக்கில் ஏறியதும் தங்கச்சி என் முதுகில் குத்துவாள். "பெரியப்பாவை இதோட ரெண்டு தடவை கொன்னுட்ட. அடுத்த தடவை வேற ஆளப் பாரு."

ஒருநாள் அவளே ஊசியை நிறுத்தினாள். "போதும்ணே. நல்லாத்தான இருக்கேன். பொறந்த வீட்டுப் பைத்தியம்னு பேரு வச்சுட்டாக."

அப்புறம் முழுகாமல் இருந்தாள். நாலு படி ஏறினால் மூச்சு வாங்கியது. புள்ளத்தாச்சிக்கு அப்படித்தான் இருக்கும் என்று இரண்டு வீட்டிலும் சொன்னார்கள். படுக்க முடியாமல் சுவரில் சாய்ந்து தூங்கினாள். ஒரு மத்தியானம் இருமலில் ரத்தம் கலந்த நுரை வந்தது. ஆம்புலன்ஸில் திண்டுக்கல்லுக்குக் கொண்டு வந்தார்கள்.

வால்வு சுருங்கிக் கிடக்கிறது, கர்ப்பத்தில் கூடிய ரத்தம் அதைக் கடக்க முடியாமல் நுரையீரலில் தேங்கிவிட்டது, ரெண்டு உயிருக்கும் ஆபத்து என்றார்கள். "சின்ன வயசுல காய்ச்சல், மூட்டு வீக்கம் எதுவும் வந்துச்சா? ஊசி போட்டீங்களா?" என்று டாக்டர் மாப்பிள்ளையைக் கேட்டார். மாப்பிள்ளை என்னைப் பார்த்தார். எனக்கு ஒரு பொய்கூட வரவில்லை. எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"இம்புட்டுத்தானா மச்சான்?" என்றார். "எங்கிட்டச் சொல்லியிருந்தா நானே கூட்டியாந்து போட்டுவிட்ருப்பேனே."

உள்ளே ஒருவரைத்தான் விட்டார்கள். அவரைப் போகச் சொன்னேன். சித்த நேரத்தில் வெளியே வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"பேச முடியல மச்சான். மாஸ்க்கை எடுத்துட்டு ஒண்ணே ஒண்ணுதான் கேட்டா. அண்ணன் எதையும் உளறிருச்சான்னு."

"நீங்க என்ன சொன்னீக?"

"இல்லைன்னுட்டேன். பயந்துருவாளேன்னு."

விளக்கு வைப்பதற்குள் அவள் போய்விட்டாள், வயிற்றில் இருந்ததும். அவருக்குத் தெரியும் என்பதும், தெரிந்தும் அவர் கோபப்படவில்லை என்பதும் அவளுக்குத் தெரியாமலே போயிற்று.