பியானோ முந்திக்கொண்டது

2024ஆம் ஆண்டு பிப்ரவரி ஆறாம் தேதி, செவ்வாய்க்கிழமை, மாலை ஐந்தேகால் மணி. இவ்வளவு துல்லியமாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பேய்க்கதை சொல்பவர்களிடம் நான் முதலில் கேட்பது 'எப்போது?' என்பதைத்தான், பெரும்பாலும் பதில் இருக்காது. அத்தகைய எதையும் நான் நம்பியதில்லை. நீங்களும் நம்ப வேண்டியதில்லை; நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

அப்போது எம்.ஏ. தமிழ் இறுதியாண்டு. ஸ்ரீரங்கத்தில் நான் தங்கியிருந்த அறையை, மகள் பிரசவத்துக்கு வருகிறாள் என்று வீட்டுக்காரர் காலி செய்யச் சொல்லிவிட்டார். திருச்சியில் மாதா கோயிலுக்குப் பின்னால் ரெஜினா ஆன்ட்டி வீட்டில் இடம் கிடைத்தது. லால்குடியிலிருந்து வந்து பெட்டியை இறக்கிய அப்பா அன்றே சொன்னார்: "இங்கேருந்தும் காலி பண்ணச் சொன்னாங்கன்னா நேரா வீட்டுக்கு வந்துடும்மா. படிச்ச வரைக்கும் போதும்." ஏப்ரல் தேர்வுவரை அந்த அறை எனக்கு வேண்டியிருந்தது. வேறெதுவும் வேண்டியிருக்கவில்லை.

ஆன்ட்டிக்கு என்னைப் பிடிக்கவில்லை. நான் அதிகம் பேசாதது அவருக்குத் திமிராகப் பட்டது. கூடத்தில் ஒரு பழைய பியானோ நின்றது. "மனுசன் என்னை விட்டுட்டுப் போனான், சவப்பெட்டி மாதிரி இதையும் விட்டுட்டுப் போனான்" என்று கணவரை ஏசுவார். அதன் பெடல் அழுந்தியபடியே சிக்கிக்கொண்டதால், உள்ளே கம்பிகளை அடக்க எதுவும் இல்லை. கூடத்தில் யாராவது உரக்கப் பேசினால் அந்த அதிர்வு கம்பிகளில் ஏறும். அவற்றின் பின்னாலுள்ள பெரிய மரப்பலகை அதை வாங்கித் திருப்பித் தரும். மெய்யொலிகள் உதிர்ந்துபோய், உயிரொலிகளின் ஏற்ற இறக்கம் மட்டும் முனகலாகக் கேட்கும். பேசியது யார் என்று அந்த முனகலிலேயே தெரியும். இதில் அதிசயம் ஒன்றுமில்லை, இயற்பியல்.

அந்த மாலை நான் கூடத்தில் தனியாகப் படித்துக்கொண்டிருந்தபோது பியானோ முனகியது. ஆன்ட்டியின் குரல், கேள்வியில் உயர்ந்து முடியும் குரல். மறுகணம் கதவு திறந்தது. வேலைக்குப் போயிருந்த ஆன்ட்டி செருப்பைக்கூடக் கழற்றாமல், இம்மியும் பிசகாத அதே ஏற்ற இறக்கத்தில் கேட்டார்:

"ஆளே இல்லாத ரூம்ல எதுக்கு லைட்டு எரியுது?"

அவர் பேசி முடித்தபின் பலகையிலிருந்து எதுவும் திரும்பி வரவில்லை. அதுதான் ஏற்கெனவே சொல்லிவிட்டதே.

வாசலிலிருந்தே அவருக்கும் முனகல் கேட்டிருந்தது. "என்னை மாதிரியே பேசிக் காட்டுறியா? ஊமைக் கோட்டான் மாதிரி இருந்துகிட்டு மிமிக்ரியா?"

"நான் எதுவும் செய்யல ஆன்ட்டி. பியானோதான்..."

"ஆமா, பியானோ. நாளைக்கு ஃப்ரிட்ஜ் பாட்டுப் பாடும். உங்க அப்பாகிட்ட பேசிக்கிறேன் இரு."

அவர் கைப்பேசியில் அப்பாவின் எண்ணைத் தேடிக்கொண்டிருக்கையில் பியானோ மறுபடி முனகியது. மூன்று ஒலிகள், நீளம், குறுக்கம், நீளம். இம்முறை என் குரல். ஆன்ட்டி என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். என் உதடுகள் மூடியிருந்தன. அவர் கைப்பேசியைக் கீழே வைத்தார்.

இனி பேசுவதில்லை என்று முடிவு செய்தேன். எதிரெதிரே உட்கார்ந்திருந்தோம். வெளியே இருட்டிய பிறகு என் கைப்பேசி ஒலித்தது. ஆன்ட்டி அதைப் பிடுங்கி ஸ்பீக்கரில் போட்டார்.

"காபி குடிச்சியாம்மா?" அப்பா.

"ஆச்சுப்பா." என்னையறியாமல் வந்துவிட்டது. நீளம், குறுக்கம், நீளம்.

ஆன்ட்டி அப்பாவிடம் ஒன்றும் சொல்லவில்லை. இணைப்பைத் துண்டித்தார். அப்போதுதான் மூன்றாவது ஒலி வந்தது. அதில் சொற்கள் இல்லை. ஒரே அலறல், மூச்சு தீரும்வரை நீண்டு, தீர்ந்த பிறகும் நீண்டது. சுவரில் மாதா படத்தின் கண்ணாடி அதிர்ந்தது. ஆன்ட்டியின் முகம் வெளுத்துப்போயிற்று. எழுந்து போய்ப் பியானோவின் மரத்தில் காதை வைத்து, அது அடங்கும்வரை கேட்டார். பிறகு அவர் தோள்கள் தளர்ந்தன. முதன்முறையாக என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"என்னுது இல்ல," என்றார். "உன்னுது."

சற்று நேரம் கழித்து, "பரீட்சை வரைக்கும் இருந்துக்கோ. உன்னை யாரும் போகச் சொல்ல மாட்டாங்க" என்றார். பிறகு ஒரு நாற்காலியை என் அறை வாசலுக்கு எதிரே இழுத்துப் போட்டுக்கொண்டு, சீரியல் தொடங்கக் காத்திருப்பவரைப் போல, விடியும்வரை உட்கார்ந்திருந்தார்.

முதல் முறை முனகலுக்கும் பேச்சுக்கும் இடையே ஒரு மூச்சு. இரண்டாம் முறை ஒரு மாலைப் பொழுது. மூன்றாவது இடைவெளி இன்னும் முடியவில்லை. பின்னாளில் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கியபோதும், அம்மாவின் உடலை எடுத்தபோதும், இதுதானா என்று காத்திருந்தேன். இல்லை. அந்த அலறல் அவை எதையும்விடப் பெரியது.

அந்த இரவு விடிந்ததும் பெட்டியை எடுத்துக்கொண்டு வெளியேறினேன். தேர்வு எழுத முடியாது என்று தெரிந்துதான் வெளியேறினேன். பஸ்ஸில் கண்டக்டர் "எங்கம்மா போவணும்?" என்று இரண்டு முறை கேட்டார். துப்பட்டாவின் நுனியைப் பல்லில் இறுகக் கடித்திருந்தேன். அதை விடாமல், முன்கண்ணாடியில் 'லால்குடி' என்று எழுதியிருந்த இடத்தைக் கைகாட்டினேன்.