சீருக்குப் பில் கேட்டவன்

எங்கள் சொந்தத்தில் என்னைப் பற்றி ஒரு பேச்சு உண்டு. “சீருக்குப் பில்லு கேட்டவுக” என்பார்கள். முகத்துக்கு நேரே யாரும் சொன்னதில்லை, வாத்தியார் என்ற மரியாதை அந்த மட்டும் காப்பாற்றுகிறது. கல்யாண வீடுகளில் நான் கை கழுவப் போகும்போது முதுகுக்குப் பின்னால் கேட்கும். இட்டுக்கட்டிய கதையாக இருந்தால் சண்டைக்குப் போயிருப்பேன். சண்டைக்கு நான் சளைத்தவன் இல்லை. ஆனால் நடந்ததைத்தான் சொல்கிறார்கள்.

உத்தமபாளையத்தில் ஒரு கல்லூரியில் இயற்பியல் நடத்துகிறேன். இது நடந்தது அல்லிநகரத்தில் வீடு கட்டிக்கொண்டிருந்த சமயம். அப்போது இருந்த வாடகை வீட்டில் ஒரு பழைய சிடி பிளேயர் வைத்திருந்தேன். அது உயிரை விட்டு இரண்டு வருடம் ஆகியிருந்தது. இருநூறுக்கு மேல் சிடிகள் அலமாரியில் சும்மா கிடந்தன. புது வீட்டுக்குப் போகும்போது நல்லதாக ஒன்று வாங்கிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். அந்த இரண்டு வருடமும் நான் போனிலேயே பாட்டு கேட்டேன். வீட்டில் வேறு யாராவது பாட்டு கேட்பார்களா என்ற யோசனையே எனக்கு வரவில்லை.

எனக்குப் பாட்டுப் பைத்தியம் என்று ஊரில் சொல்வார்கள். உண்மையில் பாட்டு கேட்கிற பெட்டிகள் மேல்தான் பைத்தியம். சிமெண்டு மூட்டை வந்து இறங்கும்போதுகூட நான் போனில் பெட்டிகளைப் பற்றித்தான் படித்துக்கொண்டிருப்பேன். என் முன்னால் இரண்டு வழி இருந்தது. ஒன்று, உயர்ந்த ரக சிடி பிளேயர். கனமான பெட்டி, தட்டு சத்தமில்லாமல் வெளியே வரும், சிடியை வைத்து ஒரு பட்டனை அமுக்கினால் பாடும். இன்னொன்று ஸ்ட்ரீமர். அதில் தட்டும் கிடையாது, சிடியும் கிடையாது. வீட்டு வைஃபையில் இணைத்துவிட்டால் இணையத்திலிருந்தும் நாம் சேர்த்து வைத்த ஹார்டு டிஸ்கிலிருந்தும் பாட்டை எடுத்துக்கொள்ளும். எல்லாவற்றையும் போனிலிருந்தே இயக்க வேண்டும். ஒரு வாரம் சிடிதான் உத்தமம் என்பேன், மறுவாரம் ஸ்ட்ரீமர் என்பேன். ஓய்வறையில் என்னைக் கண்டாலே சக ஆசிரியர்கள் நழுவ ஆரம்பித்தார்கள். ஏழெட்டு மாதம் இப்படி ஊசலாடி, கடைசியில் ஸ்ட்ரீமர் என்று முடிவுக்கு வந்தேன். எல்லாரிடமும் அறிவித்தும் விட்டேன்.

என் மனைவிக்குக் கூடப்பிறந்தவன் ஒரே தம்பி. காமயகவுண்டன்பட்டியில் பன்னீர் திராட்சைத் தோட்டம் வைத்திருக்கிறான். மாமனார் மாமியார் காலமான பிறகு அவளுக்குப் பிறந்த வீடு என்றால் அவன்தான். புது வீட்டுக்குப் பால் காய்ச்சும் நாளில் பிறந்த வீட்டுச் சீரை அவன்தான் கொண்டுவர வேண்டும். சேலை, வேட்டி, குத்துவிளக்கு, பித்தளைப் பாத்திரம் எல்லாம் வழக்கம்போல வரும். அதோடு பெரிய சாமானாக ஒன்று வைப்பது இப்போது எங்கள் பக்கம் பழகிவிட்டது. பிரிட்ஜோ சோபாவோ ஏதோ ஒன்று.

ஒருநாள் தோட்டத்தில் வைத்து என்னிடம் கேட்டான்.

“ஒங்க வீட்டுக்குப் பாட்டுப் பொட்டிதான் வைக்கணும்னு இருக்கேன் மாமா. எது நல்லது?”

நான் முக்கால் மணி நேரம் வகுப்பெடுத்தேன். அவன் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “அந்த ஸ்ட்ரீமரு போன் இல்லாமப் பாடாதா மாமா?” என்றான்.

“பாடாது.”

“பட்டன் போனு?”

எனக்குச் சுள்ளென்று வந்தது. “பட்டன் போனை வச்சு என்ன செய்ய மாப்ள? இந்தக் காலத்துல யாரு பட்டன் போன் வச்சிருக்கா? ஒனக்கு இதெல்லாம் எதுக்கு, ஸ்ட்ரீமர்னு கேட்டு வாங்கு, போதும்” என்றேன். அவன் தலையை ஆட்டிக்கொண்டான். பட்டன் போன் வைத்திருப்பவள் என் வீட்டிலேயே இருந்தாள், என் மனைவி. “தடவுற போனு எனக்கு வேணாம்” என்று எத்தனையோ தடவை சொன்னவள். அப்போது அது என் நினைவில் இல்லை.

பால் காய்ச்சிய அன்று தெருமுனையிலிருந்தே மேளம் கேட்டது. முன்னால் பெண்கள் தாம்பாளங்களோடு வந்தார்கள். பெரிய சாமானை வழக்கமாக வேனில் ஏற்றி வந்து இறக்குவார்கள். என் மைத்துனன் அதைத் தன் தோளிலேயே தூக்கி வந்தான். பட்டு வேட்டியில், வியர்த்து வழிய, சிரித்துக்கொண்டு. ஹாலில் எல்லாவற்றையும் பரப்பி வைத்தார்கள். நான் முதலில் அந்தப் பெட்டியின் மேல் இருந்த படத்தைத்தான் பார்த்தேன். சிடி பிளேயர்.

கல்லூரியிலிருந்து ஏழெட்டுப் பேர் வந்திருந்தார்கள். ஒருவர் என் காதருகில் வந்து, “என்ன சார், மறுபடியும் சிடிக்கே வந்துட்டீங்களா?” என்றார். இரண்டு பேர் சிரித்தார்கள். அவ்வளவுதான் நடந்தது. அதற்கு மேல் ஒரு துரும்புகூட அசையவில்லை. ஆனால் எனக்கு முகம் சிவந்துவிட்டது. முக்கால் மணி நேரம் சொன்னேனே, ஒரு காதில் வாங்கி மறு காதில் விட்டிருக்கிறானே என்று கோபம்.

“மாப்ள, பில்லு இருக்கா? மாத்திக்கலாம்ல?” என்றேன். எனக்குச் சத்தமான குரல். வகுப்பறையில் கடைசி பெஞ்சு வரை கேட்கும்.

சீரில் வந்தது ஓட்டை உடைசலாக இருந்தாலும் வாயை மூடிக்கொண்டு வாங்கி வைப்பதுதான் எங்கள் பக்கத்து வழக்கம். விலையைக் கேட்பதே அசிங்கம். பில்லைக் கேட்டவன் எனக்குத் தெரிந்து நான் ஒருவன்தான். குங்குமத் தட்டோடு நின்ற என் மனைவி என்னைப் பார்க்கவில்லை, தம்பியைப் பார்த்தாள். அவன் சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த காகிதத்தை எடுத்து என்னிடம் கொடுத்தான்.

“மாத்திக்கங்க மாமா. கொச்சியில வாங்குனது. கடைக்காரரு நல்ல மனுசன், ஒண்ணும் சொல்ல மாட்டாரு.”

அவன் கோபித்துக்கொண்டு கிளம்பியிருந்தால் நானும் பதிலுக்கு நாலு வார்த்தை பேசிச் சமாளித்திருப்பேன். அவன் போகவில்லை. பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டான், பாயசம் நல்லா இருக்கு என்று சொல்லி இரண்டாம் தடவை வாங்கினான், வந்தவர்களுக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுத்தான். அக்காவின் வீட்டு விசேஷம் கெட்டுவிடக் கூடாது என்று அவன் அன்று பட்ட பாட்டை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

மறுநாள் காலையில் காபி டம்ளரை வைத்துவிட்டு என் மனைவி சொன்னாள். “சீரு எனக்கு வந்தது. ஒங்களுக்கு வந்தது அந்த வேட்டியும் சட்டையுந்தான்.”

“சரி, நீ என்ன பண்ணப் போற அந்தப் பெட்டிய வச்சு?” என்று கேட்டுச் சிரித்தேன். அவள் உள்ளே போய்விட்டாள். வரும் சனிக்கிழமை கொச்சிக்குப் போவதாக நான் உள்ளே பார்த்துச் சொன்னேன்.

குமுளி வழியாக மலை ஏறி இறங்கி கொச்சிக்குப் போய்ச் சேர மதியம் ஆகிவிட்டது. கடைக்காரர் மலையாளி, வயதானவர், தமிழ் நன்றாகவே பேசினார். ஸ்ட்ரீமருக்கு மாற்ற வேண்டும் என்றேன். அவர் மறுக்கவில்லை. “கேட்டுட்டு முடிவு பண்ணலாமே சாரே” என்று உள்ளறையில் உட்கார வைத்து, ஒரே பாட்டை இரண்டிலும் மாறி மாறிப் போட்டார். எது எது என்று சொல்லவில்லை. நான் கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, “ரெண்டாவது போட்டீங்களே, அதுதான் ஸ்ட்ரீமர். என்ன தெளிவு பாருங்க” என்றேன்.

“அது சிடியாக்கும் சாரே” என்றார் மெதுவாக.

கடையில் வேறு யாரும் இல்லாதது ஒன்றுதான் ஆறுதல். இயற்பியல் பேராசிரியர், ஏழெட்டு மாத ஆராய்ச்சி, இந்த லட்சணம். அந்த நிமிடமே எழுந்து வந்திருக்கலாம். ஆனால் தோற்றுப்போன பிறகுதான் எனக்கு வீம்பு அதிகமாகும். “இருக்கட்டும், வசதி அதுலதான். அதையே கட்டுங்க” என்றேன்.

அவர் ஸ்ட்ரீமரை அட்டைப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டே பேச்சுக் கொடுத்தார். “அந்த சிடி பெட்டி வாங்கிய ஆள் ரெண்டு தடவை வந்து. சத்தம் பத்தி ஒண்ணும் கேட்டில்ல. ரெண்டையும் காட்டினேன். டச் போன் இல்லாத ஒருத்தி தனியா இருக்கும்போது, தன் கையால போட்டுக் கேக்கணும், எது சரியா வரும்னு கேட்டான். மலையாளத்துல நல்லா பேசினான். சேச்சி பகல் முழுக்கத் தனியாத்தான் இருப்பா, முன்னாடி தினம் சிடி போட்டுக் கேப்பா, அந்தப் பெட்டி கெட்டுப்போய் ரெண்டு வருசமாச்சு, வாய் திறந்து கேக்க மாட்டாள்னு சொன்னான்.”

நான் அவர் கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். டேப்பை இழுத்துப் பிடித்தபடி நிறுத்தி, என் முகத்தைப் பார்த்தார். மாற்ற வேண்டாம் என்று நான் சொல்வதற்காகத்தான் நிறுத்தினார் என்று இன்றைக்கும் நினைக்கிறேன். அவ்வளவு பெரிய இடைவெளி விட்டார்.

என் மனைவி பகலில் பாட்டு கேட்பாள் என்பதே எனக்குத் தெரியாது. நான் காலையில் பஸ் ஏறிப் போய்ச் சாயங்காலம் வருகிறவன். திராட்சை கொடுக்க வருகிற தம்பிக்குத் தெரிந்திருக்கிறது. இதையெல்லாம் அந்த டேப் நின்ற நேரத்திலேயே நான் விளங்கிக்கொண்டேன். விளங்காமல் செய்தேன் என்று சொல்ல எனக்கு வழியே இல்லை.

“ஒட்டுங்க” என்றேன்.

வீட்டுக்குப் போய் அவளுக்குப் போனில் சொல்லிக் கொடுத்துவிடலாம் என்று மலை ஏறும்போது எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். சொல்லிக் கொடுக்கவும் பார்த்தேன், ஒரு ஞாயிற்றுக்கிழமை. என் பழைய போனை அவள் கையில் கொடுத்து, இதை அமுக்கு, இங்கே தேடு என்று நான் சொல்லச் சொல்ல என் குரல் ஏறியது. இரண்டாவது நிமிடம் அவள் போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். “அது ஒங்க சாமான். நீங்களே கேளுங்க” என்றாள். அடுத்த வருடம் ஒரு சிடி பிளேயர் வாங்கித் தருவதாகவும் சொல்லிப் பார்த்தேன். “எதுக்கு? எந்தம்பி வாங்கித் தந்தது ஒண்ணு இருந்துச்சு” என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்க்கப் போனாள். நான் இருக்கும்போது அந்த வீட்டில் பாட்டு ஓடும். நான் பஸ் ஏறிவிட்டால் எதுவும் ஓடாது.

நான்கு வருடம் ஆகிவிட்டது. போன மாதம் மைத்துனன் போன் செய்தான். அறுப்பு முடிந்து திராட்சை கொடுத்து விட்டிருக்கிறானாம், இப்போதெல்லாம் அவன் நேரில் வருவதில்லை, ஆள் மூலம்தான். எனக்கு அன்று என்ன தோன்றியதோ, “மாப்ள, பால் காய்ச்சுன அன்னைக்கு நான் ஒன்கிட்டப் பில்லு கேட்டது தப்பு” என்று ஆரம்பித்துவிட்டேன்.

“அட, விடுங்க மாமா. எந்தப் பொட்டியா இருந்தா என்ன? அக்கா பகல்ல பாட்டு கேக்குதுல்ல?”

என் மனைவி எதிரில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். ஸ்பீக்கரில் பேசுவது என் வழக்கம், அவளுக்கும் கேட்டது. அவன் பதிலுக்குக் காத்திருந்தான். இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை, ஆமாம் என்று சொல்லவும் வரவில்லை.

அவள் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு என்னிடமிருந்து போனை வாங்கினாள்.

“தெனமும் கேக்குறேன்டா” என்றாள் தம்பியிடம்.