மயிலாப்பூருக்கு வந்த குளிர்காலம்

1996 ஜனவரி 21, ஞாயிறு. காலை 7.10க்குப் பனகல் பூங்கா அருகே ஆட்டோ ஏறினோம். மயிலாப்பூர் வடக்கு மாட வீதி வரை நான்கு கிலோமீட்டருக்குச் சற்றுக் கூடுதல். முப்பது ரூபாய்க்குப் பேசியிருந்தோம். உடன் வந்தவர் பால்சாமி. கம்பம் பள்ளத்தாக்கில் பதினைந்து ஆண்டு திராட்சைத் தோட்ட வேலை பார்த்துவிட்டு, இப்போது பூங்கா எதிரே தள்ளுவண்டியில் பழம் விற்கிறார். அன்று அவரிடம் கம்பத்துப் பன்னீர்த் திராட்சை கிலோ பதினான்கு ரூபாய். நாசிக்கிலிருந்து வந்த விதையில்லாத பச்சை இருபத்தெட்டு. வண்டியை மனைவியிடம் விட்டுவிட்டு வந்திருந்தார்.

என் நண்பர் சேஷாத்ரி வங்கி ஊழியர். நான்கு ஆண்டுகளுக்கு முன் அவர் நட்ட பன்னீர்த் திராட்சை மொட்டைமாடிப் பந்தலை முழுக்க மூடிவிட்டது. ஆனால் ஒரு பூகூட இல்லை. சருகு விழுந்து மழைநீர்க் குழாய் அடைத்து, அவர் மனைவி விஜயா வீணை சொல்லித்தரும் அறையில் ஒழுகுகிறது. மாசி பிறப்பதற்குள் பூங்கொத்து தெரியாவிட்டால் கொடியை வேரோடு எடுத்துவிட வேண்டும் என்பது விஜயாவின் தீர்ப்பு. அதனால்தான் கொடியைக் கவாத்து செய்ய, அதாவது கிளைகளை வெட்டிவிட, பால்சாமியை அழைத்துப் போனேன்.

"எல்லாரும் செடி வெச்சிகினு கீறாங்க, நீ வெட்டப் போறியா நைனா?" என்றார் எங்கள் பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்த ஆட்டோக்காரர்.

"வெட்டுனாத்தேன் காய்க்கும்ணே. விட்டா இலைதேன்" என்றார் பால்சாமி.

அதன் காரணம் பழைய பூகோளத்தில் இருக்கிறது. கருங்கடலுக்கும் காஸ்பியன் கடலுக்கும் இடைப்பட்ட மலைநாடுகளில்தான் மனிதன் திராட்சையை முதலில் வளர்த்தான் என்கிறார்கள். அங்கே பனிக்காலம் இலைகளை உதிர்த்துக் கொடியை உறங்கவைக்கும். வசந்தத்தில் அது பூவோடு விழிக்கும். இத்தாலி, பிரான்சு, ஸ்பெயின் மூன்றும் இன்று உலகுக்கே திராட்சை விளைவிப்பதும், அதில் பெரும்பகுதியை மதுவாக்குவதும் அந்த உறக்கத்தை நம்பித்தான். சென்னையில் கொடி உறங்குவதே இல்லை. பனி செய்யும் வேலையை இங்கே கத்தரி செய்தாக வேண்டும்.

7.35. மாடியில் பால்சாமி தண்டைத் தடவிப் பார்த்தார். "நல்ல கொடி. ஒரு குத்தமும் இல்ல. ஒரு தடவகூட வெட்டலியா?"

"எப்படி வெட்டறது? குழந்தை மாதிரி வளர்த்துண்டு வரேன்" என்றார் சேஷாத்ரி.

"குழந்தைன்னா ஒரு தடவையாவது முடி வெட்டி விட்டிருப்பேளே" என்றார் விஜயா.

கொடியோடு வாங்கிய கவாத்துக் கத்தரி உறை பிரிக்காமலே வீட்டில் இருந்தது. பால்சாமி பிரித்தார். ஒவ்வொரு கிளையிலும் துளிர்விடும் கண்களில் நான்கை விட்டு மீதியை நறுக்கினார். மூன்றாவது கிளை விழுந்ததும் சேஷாத்ரி காபி போடுவதாகச் சொல்லிக் கீழே போனார், திரும்ப வரவில்லை. விஜயாதான் ஏணியைப் பிடித்துக்கொண்டார். வெட்டிய முனைகளில் நீர் சொட்டியது.

"அழறதே" என்றார் விஜயா, குரல் இறங்கி.

"வேரு நல்லா தண்ணி இழுக்குதும்மா. கவலப்படாதீக."

வெட்டியபடியே பால்சாமி என்னைக் கேட்டார்: "அந்த நாட்டுல எல்லாம் வருசத்துக்கு எத்தன வெள்ளாம?"

"ஒன்றுதான்."

"ஒண்ணுதானா? எங்க பக்கம் ரெண்டு வருசத்துல அஞ்சு." அவர் குரலில் பெருமை இல்லை, பிரெஞ்சுக்காரர்கள்மேல் உண்மையான இரக்கம் இருந்தது.

9.20க்குப் பந்தல் வெறும் கம்பியும் குச்சியுமாக நின்றது. வெட்டிப்போட்டதை நான்கு கோணிகளில் கட்டினோம். கீழே சேஷாத்ரி கோணிகளைப் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டார். காபி மட்டும் கொடுத்தார்.

பிப்ரவரி 11, ஞாயிறு. மாசிக்கு இரண்டு நாள் இருந்தது. பால்சாமியும் நானும் இம்முறை 12பி பேருந்தில் போனோம். கதவைத் திறந்த விஜயா முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. மாடி ஏறினோம். சுண்டுவிரல் தடிமனுக்குப் புதுத் தளிர்கள் நீண்டிருந்தன. ஒவ்வொன்றிலும் இலைக்கு எதிரே கடுகளவு பச்சை மொட்டுகள் கொத்தாக.

"முப்பத்தேழு" என்றார் சேஷாத்ரி.

"முப்பத்தெட்டு. சுவரோரம் ஒண்ணை விட்டுட்டேள்." விஜயா பால்சாமி பக்கம் திரும்பினார். "பழம் பறிச்சப்புறம் மறுபடி எப்போ வெட்டணும்?"

"ஆனியில வெட்டலாம்மா."

"ஆனியிலே எனக்கு ஆடிட் இருக்கும்" என்றார் சேஷாத்ரி அவசரமாக.

"நீங்க ஆபீஸ் போய்ட்டு வாங்கோ. நாங்க வெட்டிக்கறோம்."